‘டி’ என்றால் டிராகன்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ‘கிராஃபிக்ஸ் அள்ளுதுப்பா’ என்பது ஒன்று. ‘பாக்க பளபளன்னு இருந்தாப் போதுமா, ஆட்டத்துல சரக்கு வேணாமா?’ என்பது இன்னொன்று. பெரும்பாலும் இது வயசுச் சண்டையாகவே முடிகிறது. ஆனால் இதற்குள் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. நிலவறைக்குள் இறங்கி அரக்கர்களோடு மோதும் ஆட்டங்களை வைத்து அதைப் போட்டுப் பார்ப்பது சுலபம். படமே இல்லாமல் வளர்ந்து, இன்றுவரை படமில்லாமலும் பிழைத்துக் கிடக்கிற வகை அது.

1980 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மேன் என்ற இருவர் ‘ரோக்’ என்ற ஆட்டத்தை எழுதினார்கள். பொதுவான ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதோடு கம்பியால் இணைந்த டெர்மினல்கள் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. டெர்மினல் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். வரிக்கு 80 வீதம் 24 வரி. சுவருக்குக் கோடு, தரைக்குப் புள்ளி. வீரன், மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்த ‘அட்’ குறி. அரக்கர்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ‘டி’ என்றால் டிராகன், ‘இசட்’ என்றால் ஸோம்பி. எழுத்துகள் 26, எதிரிகளும் 26 வகை.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் கம்பியின் வேகம். விநாடிக்கு 1,200 பிட் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்தை அனுப்பப் பத்து பிட் ஆகும். முழுத் திரையின் 1,920 எழுத்துகளும் வந்து சேர 16 விநாடி. காலை ஓர் அடி எடுத்து வைப்பதற்கு 16 விநாடி காத்திருக்க வேண்டுமென்றால் எவன் விளையாடுவான்? கைகொடுத்தது, பெர்க்லியில் கென் அர்னால்டு எழுதிய ‘கர்சஸ்’ என்ற நிரல் தொகுப்பு. திரையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, இனி என்ன இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் அனுப்பும். வீரன் ஓர் அடி நகர்ந்தால் மாறுவது இரண்டே கட்டம்: விட்ட இடத்தில் புள்ளி, தொட்ட இடத்தில் ‘அட்’. கர்சரை அங்கே கொண்டுபோகும் கட்டளையைச் சேர்த்தாலும் ஒரு சில எழுத்துகளில் வேலை முடிந்தது. அர்னால்டும் பிறகு ரோக் வேலையில் சேர்ந்துகொண்டார்.

திரைச் செலவு இப்படிச் சுருங்கியதும், மிச்சமிருந்த மூளையெல்லாம் ஆட்டத்துக்குள் போயிற்று. ஒவ்வொரு முறையும் புதிய வரைபடம். நீல மருந்து இன்று காயத்தை ஆற்றும். நாளை அதுவே கண்ணைக் குருடாக்கும். செத்தால் முதலிலிருந்துதான்.

இன்றைய சாதாரணத் திரையில் 1,920-க்கு 1,080, அதாவது இருபது லட்சத்துக்கு மேல் பிக்சல்கள். விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால் 12 கோடியைத் தாண்டும். (ரோக்கின் மொத்தத் திரையும் இன்றைய திரையின் ஒரே வரியும் எண்ணிக்கையில் சமம் என்பது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.) இந்தப் பன்னிரண்டு கோடியைக் கிராஃபிக்ஸ் சிப் அலட்டிக்கொள்ளாமல் போட்டுத் தள்ளிவிடுகிறது. படத்துக்கான உண்மையான பில் வேறு இடத்தில் வருகிறது.

ரோக்கின் வாரிசுகளில் ஒன்றான ‘நெட்ஹேக்’ 1987-இல் வெளிவந்தது. அதில் காக்கட்ரைஸ் என்று ஒரு பிராணி உண்டு. வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். கொன்ற பிறகும் அதன் பிணத்துக்கு அந்தக் குணம் போகாது. சரி, கையுறை மாட்டிக்கொண்டு பிணத்தைத் தூக்கி, அதையே ஆயுதமாக வைத்து அடித்தால்? அடிபட்டவன் கல். அதை ஏந்திக்கொண்டு நடக்கையில் குழிக்குள் விழுந்தால்? அதன் மேலேயே விழுந்து நீங்களே கல். பார்வை போன நேரத்தில் கையுறை இல்லாமல் தரையைத் தடவிப் பார்க்கையில் அது அகப்பட்டால்? கல். திருட்டு மோகினி ஒருத்தி அதை உங்களிடமிருந்து பிடுங்கினால்? கையுறை இல்லாவிட்டால் அவளும் கல்தான். முட்டையை எறிந்தாலும் பலன் உண்டு.

இந்த ஒவ்வொரு ‘இப்படிச் செய்தால்?’ என்ற கேள்விக்கும் விடை சொல்ல நிரலில் சில வரிகள், திரையில் ஒரு வாக்கியம் போதும். இதையே முப்பரிமாணத்தில் காட்டுவதாக இருந்தால், பிணத்தை ஏந்தி வீசும் அசைவு வேண்டும். குட்டைக் குள்ளனுக்கும் நெட்டை ராட்சசனுக்கும் அது தனித்தனியாகப் பொருந்த வேண்டும். கல்லான நிலையில் ஒவ்வொரு பிராணிக்கும் தோற்றம், கூடவே சத்தம். நெட்ஹேக்கில் கிட்டத்தட்ட 400 வகை உயிரினங்கள். ஒன்றோடொன்று சேரும் ஜோடிகளைக் கணக்கிட்டால் பல்லாயிரக்கணக்கில் போகும். எல்லா ஜோடிக்கும் தனி விதி கிடையாதுதான். ஆனால் யாருக்காவது ஒன்று தோன்றினால் ஒரு சாயங்காலத்தில் எழுதிச் சேர்த்துவிடலாம். பெரிய ஸ்டூடியோவில் அதே யோசனைக்கு எதிராக, ‘இதை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, யோசனை அதோடு காலி. படம் ஆட்டத்திலிருந்து பிடித்தம் செய்வது இதைத்தான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் எழுத்துக் கட்சிக்கே வெற்றியா? ‘டயாப்லோ’ என்ற ஆட்டம் வந்து குறுக்கே நிற்கிறது. ரோக் மரபில் ஊறிய டேவிட் பிரெவிக், 1990-களின் நடுவில் அதை முறை வைத்து ஆடும் ஆட்டமாகத்தான் தொடங்கினார். நீங்கள் ஓர் அடி வைத்தால் அரக்கன் ஓர் அடி வைப்பான். பாதியில் அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டு எல்லாம் ஓடும் நேரத்துக்கு மாறியது. அந்த நொடியே படத்தின் வேலையும் மாறிவிட்டது. எலும்புக்கூடு கோடரியை ஓங்குவது இப்போது செய்தி. விலக எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அந்த ஓங்கல்தான் சொல்கிறது. வில்லாளி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பதை உருவத்தைப் பார்த்ததும் கண் எடுத்துக்கொள்ளும். அங்கே வெறும் ஓர் எழுத்து நின்றிருந்தால் ஒன்றும் தெரியாது. காலம் நின்று காத்திருக்கும் ஆட்டத்துக்கு எழுத்து தாராளம். காலம் ஓடினால் படமே விதிகளில் ஒரு பகுதி. 1996-இன் கடைசியில் வந்த டயாப்லோவின் படங்கள் இன்று மங்கலாகத் தெரிகின்றன. ஓங்கிய கோடரி மட்டும் இன்னும் சரியாகப் புரிகிறது.

இந்த வழக்கில் கண்ணே இல்லாத ஒரு சாட்சியும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘ரோக்-ஓ-மேட்டிக்’ என்று, ரோக்கைத் தானே ஆடும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அங்கிருந்த தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே அது சவாலாக இருந்தது. (எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் மால்டின்தான் பிற்பாடு லைகோஸ் தேடுபொறியை உருவாக்கினார்.) நெட்ஹேக் அப்படி மசியவில்லை. 2019-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரலான ‘ஆல்ஃபாஸ்டார்’, படம் நிறைந்த ‘ஸ்டார்கிராஃப்ட் 2’-இல் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியது. அடுத்த ஆண்டே ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சிக் களமாக நெட்ஹேக்கை எடுத்துக்கொண்டார்கள். படம் வரையும் சுமை இல்லாததால் அது சாதாரண கம்ப்யூட்டரிலேயே மின்னல் வேகத்தில் ஓடும் என்பது ஒரு காரணம். 2021-இல் ‘நியூரிப்ஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாநாட்டில் நடந்த நெட்ஹேக் போட்டியில் தானாகக் கற்கும் நரம்பு வலைகளைப் பின்னுக்குத் தள்ளி, மனிதர்கள் உட்கார்ந்து விதிவிதியாக எழுதிய நிரல்கள் முன்னே வந்தன. ஆட்டத்தை முடித்தது எதுவும் இல்லை.

நிலவறை ஆட்டங்களின் தாயாதியான ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ 2006-இல் எழுத்து வடிவில்தான் வந்தது. டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்களின் படைப்பு. குள்ளர்கள் கோட்டை கட்டி வாழும் உலகம். அதில் 2015-இல் மதுக்கடைகளைச் சேர்த்ததும் பூனைகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கின. துருவிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. குள்ளர்கள் சிந்திய பீரில் பூனை நடக்கிறது, பாதம் நனைகிறது, சுத்தம் செய்ய நக்குகிறது. ஒருமுறை நக்கினால் ஒரு முழுக் கோப்பை என்று நிரல் கணக்கு வைத்திருந்ததால், குடித்தே செத்திருக்கின்றன. அந்தச் சாவை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. தனித்தனியாக எழுதிய விதிகள் கூடிச் செய்த வேலை அது.

2022 டிசம்பரில் அதே ஆட்டம் வண்ணப் படங்களோடு ‘ஸ்டீம்’ என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்து லட்சக்கணக்கில் போனது. பதினாறு ஆண்டுகளாகக் குறிகளைக் கண்டு மிரண்டு ஒதுங்கியிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். பழைய எழுத்துப் பதிப்பும் அப்படியே இலவசமாகக் கிடைக்கிறது.