கல்மணி மாலை

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போனால் பீங்கான் தொழிலைப் பார்க்கலாம். ஆனால் கல்லையே நகையாக்கிய தொழில் நம் பக்கத்தில் அதைவிடப் பழையது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் அங்கே குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலிலோ, ஒரே ஈமக்குழியில் சூதுபவளம் என்னும் சிவப்புக் கல்லால் ஆன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள்! பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

சூதுபவளத்தின் சிவப்பு, கல்லைச் சூடாக்கச் சூடாக்க ஆழமாகும். துளையிடுவதுதான் கடினம். இரண்டு முனையிலிருந்தும் துளைத்துக்கொண்டே வந்து நடுவில் சேர்ப்பார்கள். பழைய மணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இரு துளைகளும் சந்திக்கும் இடத்தில் சிறு பிசகு தெரியும். பார்க்கப் பார்க்க அலுக்காத கைவேலை அது.

கல் மங்காது, துருப்பிடிக்காது; நூல் இற்றால் புதிதாகக் கோத்துக்கொள்ளலாம். பாட்டியின் கல்மணி மாலை உங்கள் வீட்டில் இருந்தால் சோப்புநீரில் ஊறப்போடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தனியாக ஒரு துணிப்பையில் வையுங்கள்.