முகவரி தீர்ந்த வைஃபை

நூலக வைஃபையில் சிக்னல் முழுதாக இருக்கிறது, கடவுச்சொல்லும் சரி. ஆனாலும் போன் இணைய மறுக்கிறது. காலையில் வந்தவர்களுக்குக் கிடைத்த இணையம் மதியம் வந்தவர்களுக்கு இல்லை. பழி பெரும்பாலும் இணைய வேகத்தின் மேல் விழும். மடிக்கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பார்க்க வேண்டிய இடம் வேறு: கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர்.

நெட்வொர்க்கில் நுழையும் கருவி, முகவரி தருவார் உண்டா என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். சர்வர் தன் இருப்பிலிருந்து ஒன்றை நீட்டும். கருவி அதையே கேட்க, சர்வர் உறுதிசெய்யும். ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1993-இல் வெளிவந்த நெறிமுறை இது, 1997-இல் திருத்தப்பட்டது. முகவரி சொந்தமல்ல, குத்தகைதான்.

முகவரியோடு சப்நெட் மாஸ்க்கும் வரும். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும், கடைசி எண் கருவியை. 256-இல் முதலும் கடைசியும் கருவிகளுக்கு ஆகாது. ரவுட்டருக்கு ஒன்று போக மிச்சம் 253.

போதாவிட்டால் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கி 512 முகவரிகளாக விரிக்கலாம். தடுக்கி விழுவது இங்கேதான். 192.168.10-ஐ 192.168.11-உடன் சேர்க்கலாம், 11-ஐ 12-உடன் சேர்க்க முடியாது. இரும எண்ணில் 10 என்பது 1010, 11 என்பது 1011. கடைசி பிட் மட்டுமே வேறு. 12 என்பது 1100. 11-இலிருந்து அங்கே போக மூன்று பிட்கள் மாற வேண்டும். புதிய மாஸ்க் விட்டுக்கொடுத்ததோ ஒரே ஒரு பிட். நமக்கு அடுத்தடுத்துத் தெரியும் எண்கள் கணினிக்கு அண்டைவீடாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிட அழகாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

சர்வரில் மட்டும் மாற்றினால் போதாது; ரவுட்டரிலும் மாற்ற வேண்டும். கையால் முகவரி கொடுத்த பிரிண்டரை மறந்துவிடுவார்கள். பழைய மாஸ்க்கோடு 10-இல் இருக்கும் பிரிண்டர், 11-இல் இருக்கும் மடிக்கணினியை வெளி நெட்வொர்க் என்றே நினைக்கும். அதில் கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரியும் இல்லையென்றால் பதில் போய்ச் சேராது.

ஆனால் விரிப்பதற்கு முன் குத்தகைக் காலத்தைப் பாருங்கள் என்பேன். விண்டோஸ் சர்வரில் யாரும் மாற்றாதவரை அது எட்டு நாள். இருபது நிமிடம் நாளிதழ் புரட்டிவிட்டுப் போனவரின் போன், விடைபெறுவதைச் சர்வரிடம் பெரும்பாலும் சொல்வதில்லை; முகவரி எட்டு நாள் முடங்கும். வந்துபோகும் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். கருவிகள் பாதிக் காலத்திலேயே குத்தகையைப் புதுப்பிக்க முயல்வதால், உட்கார்ந்து படிப்பவருக்கு இணைப்பு அறுபடாது.

மேசைக் கணினிகள் நிறைந்த அலுவலகத்தில் அந்த எட்டு நாள்தான் நல்லது. இரண்டு மணி நேரக் குத்தகையில் சர்வர் படுத்துவிட்டால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோருடைய முகவரியும் காலாவதியாகும். எட்டு நாள் என்றால், அணையாமல் இயங்கும் கணினிகளுக்குக் குறைந்தது ஏறக்குறைய நான்கு நாள் அவகாசம் இருக்கும்.