அமைப்புக் கோப்பு: நிரலுக்கு வெளியே ஒரு குறிப்பேடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி நிரல் ஒன்றில் இருவகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வேலையைச் செய்யும் முறை. மற்றொன்று, அந்த வேலைக்கு வேண்டிய அளவுகள். பேருந்தில் நடத்துநர் கையில் இருக்கும் சீட்டு அச்சிடும் கருவியை எடுத்துக்கொள்வோம். கட்டணத்தைக் கணக்கிடும் முறை பல ஆண்டுகளுக்கு மாறாமல் இருக்கலாம், கட்டணம் மாறும். அது மாறும்போதெல்லாம் நிரலையே திருத்தி எழுதுவது, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பதற்காக அடுப்பை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே மாறக்கூடிய அளவுகளை மட்டும் தனியே ஒரு கோப்பில் எழுதி வைத்து, நிரல் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளுமாறு செய்கிறார்கள். இதுவே அமைப்புக் கோப்பு எனப்படுவது.

எங்கள் துறை நண்பர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆயினும் இம்மலரைத் தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் அடிப்படையிலிருந்தே சொல்லிச் செல்கிறேன்.

இந்த வழக்கம் புதியதன்று. யுனிக்ஸ் இயக்க முறைமையில் எட்சி என்னும் அடைவில் இத்தகைய கோப்புகள் நெடுங்காலமாகவே எளிய உரையாக இருந்து வருகின்றன. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ என்னும் இரு கோப்புகள் இருந்தன. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது பதிவேடு என்னும் களஞ்சியம் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஐஎன்ஐ என்னும் அந்த எழுத்து முறை மறையவில்லை. நாங்கள் பயிலும் பைத்தான் மொழியில் அதைப் படிப்பதற்கென்றே கான்ஃபிக்பார்சர் என்னும் தொகுதி மொழியோடு சேர்ந்தே வருகிறது.

அந்தக் கோப்பின் உருவத்தைப் பாருங்கள்:

[விலை]
# ஒரு கிலோவுக்கு, ரூபாயில்
கொழுப்பு = 320
எஸ்என்எஃப் = 250

[அச்சு]
ரசீது = ஆம்

சதுர அடைப்புக்குள் இருப்பது பகுதியின் தலைப்பு. சமக்குறிக்கு இடப்புறம் திறவுச்சொல், வலப்புறம் மதிப்பு. எண்குறியில் தொடங்கும் வரி மனிதர்களுக்கான குறிப்பு. நிரல் அதைத் தள்ளிவிடும். திறவுச்சொற்கள் தமிழில் இருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாக இருக்கலாம். பைத்தான் அதற்குத் தடை சொல்வதில்லை.

இந்த வரிகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அறிவதை ஆங்கிலத்தில் பார்சிங் என்கிறார்கள். நமக்கு இது பள்ளியிலேயே பழக்கமான வேலை. பகுபத உறுப்புகள் ஆறு என்று நன்னூல் வகுக்கிறது. படித்தான் என்னும் சொல்லைப் படி, த், த், ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் சொன்னோமே, அதையேதான் கணிப்பொறியும் செய்கிறது. பிரித்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்பும் இன்னது என்று பெயரிடவும் வேண்டும். அமைப்புக் கோப்பில் பிரிப்பது எளிது. சிக்கல் எல்லாம் பெயரிடுவதில்தான்.

எவ்வாறு என்று காண்போம். மேற்கண்ட கோப்பிலிருந்து கொழுப்பின் மதிப்பைக் கேட்டால், கான்ஃபிக்பார்சர் 320 என்னும் எண்ணைத் தராது. 3, 2, 0 என்னும் மூன்று எழுத்துகளாலான சரத்தைத் தரும். அதனோடு 5 என்னும் சரத்தைக் கூட்டச் சொன்னால் 3205 என்று ஒட்டிக் கொடுக்கும். எண்ணாக வேண்டுமானால் கெட்ஃப்ளோட் என்னும் கட்டளையால் கேட்க வேண்டும். பணக் கணக்காயிருந்தால் அதைவிட டெசிமல் வகை நல்லது. பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னத்தையே இருமக் கணக்கில் துல்லியமாக எழுத முடியாது என்பதால் ஃப்ளோட் வகையில் கடைசி இலக்கங்களில் பிசிறு தட்டும். கோப்பு மதிப்பைச் சரமாகத் தருவது இங்கே ஒரு வசதியாகிறது. அச்சரத்தை அப்படியே டெசிமலிடம் ஒப்படைத்தால் எழுதிய எண் எழுதியவாறே நிற்கும்.

ஆம், இல்லை என்பவற்றில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பைத்தானில் வெற்றுச் சரம் மட்டுமே பொய். எழுத்து ஒன்றேனும் இருந்தால் மெய். ஆகவே ரசீது = இல்லை என்று எழுதி, அந்தச் சரத்தை நேரடியாகப் பூல் வகைக்கு மாற்றினால், இல்லை என்பது ஆம் ஆகிவிடும்! இதற்காகவே கெட்பூலியன் என்னும் கட்டளை இருக்கிறது. அது யெஸ், ட்ரூ, ஆன், 1 ஆகியவற்றை மெய் என்றும், நோ, ஃபால்ஸ், ஆஃப், 0 ஆகியவற்றைப் பொய் என்றும் கொள்ளும். வேறு எதைக் கண்டாலும் பிழை என்று நிறுத்தும். நம் ஆமும் இல்லையும் அப்பட்டியலில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் திறந்தே இருக்கிறது. இரண்டு சொற்களைச் சேர்க்க இரண்டு வரி போதும்.

வரியின் முடிவில் குறிப்பு எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. கொழுப்பு = 320 ; ஜூன் முதல் என்று எழுதினால், அரைப்புள்ளிக்குப் பின் வருவதையும் மதிப்பின் பகுதியாகவே கான்ஃபிக்பார்சர் கொள்கிறது. எண்ணாக மாற்றும்போது அது பிழை சொல்லும். அவ்வாறு பிழை சொல்வது நமக்கு நல்லதே. சொல்லாமல் விடுவதுதான் தீங்கு என்பதற்கு எங்கள் ஊரிலிருந்தே ஒரு சான்று தரலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள். காலையும் மாலையும் சேர்த்து ஏறத்தாழப் பத்துக் கிலோ பாலை ஊரில் உள்ள ஒரு தனியார் பால் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுகிறோம். நான் கல்லூரியில் சேர்ந்ததும் அந்த வருமானத்தில்தான். அங்கே ஒரு கருவி பாலின் கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளக்கிறது. பின்னதை எஸ்என்எஃப் என்றே ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அருகிலிருக்கும் கணிப்பொறி விலை போட்டுச் சீட்டு அடிக்கும். கணக்கு எளியது. பத்துக் கிலோ பாலில் கொழுப்பு 4 விழுக்காடு என்றால் 0.4 கிலோ, எஸ்என்எஃப் 8.5 விழுக்காடு என்றால் 0.85 கிலோ. கொழுப்பு கிலோ ரூ. 300, எஸ்என்எஃப் கிலோ ரூ. 250 என்று வைத்துக்கொண்டால் 120ம் 212.50ம் சேர்ந்து ரூ. 332.50 வரும்.

சென்ற ஆண்டு கொழுப்பின் விலையைக் கிலோவுக்கு இருபது ரூபாய் உயர்த்தினார்கள். பலகையில் எழுதியும் போட்டார்கள். ஆனால் சீட்டில் வரும் தொகை உயரவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எண்கள் மட்டும் தெரியும். பழைய சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருப்பார். அதே கொழுப்புக்கு அதே விலைதானே போட்டிருக்கிறது என்று பத்தாம் நாள் பட்டுவாடாவின்போது இரண்டு சீட்டுகளையும் நீட்டினார். கருவியைப் பராமரிப்பவர் வந்து பார்த்தபோது நானும் உடன் இருந்தேன். அமைப்புக் கோப்பில் பழைய வரியை அழித்துவிட்டுப் புது வரியைத் தட்டியவர், ஆங்கிலத் திறவுச்சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். விலை என்னவோ 320 என்று சரியாகத்தான் இருந்தது. நிரலோ தனக்குத் தெரிந்த திறவுச்சொல்லைத் தேடியிருக்கிறது; காணவில்லை; உள்ளுக்குள் எப்போதோ எழுதி வைத்திருந்த 300ஐ எடுத்துக்கொண்டு ஒன்றும் நடவாததுபோல் வேலை செய்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய், பத்து நாளைக்கு எண்பது ரூபாய். பால் ஊற்றுவோர் அனைவருக்கும் அவரவர் அளவுக்கு ஏற்ப இழப்பு. அடுத்த பட்டுவாடாவில் வேறுபாட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

தட்டச்சுப் பிழை யாருக்கும் வரும். நிரல் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கான்ஃபிக்பார்சரில் ஃபால்பேக் என்னும் வசதி உண்டு. திறவுச்சொல் இல்லையென்றால் இந்த மதிப்பைக் கொள் என்று அதன்மூலம் சொல்லி வைக்கலாம். சீட்டின் எழுத்து அளவு, திரையின் நிறம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். விலைக்கும் வரிக்கும் மதிப்பெண்ணுக்கும் அதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து. இல்லையென்றால் நிற்க வேண்டும். நின்று, எந்தக் கோப்பில் எந்தச் சொல் இல்லை என்று சொல்ல வேண்டும். தெரியாத திறவுச்சொல் ஒன்று கோப்பில் இருந்தாலும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. எழுத்துப் பிழையோடு எழுதப்பட்ட சொல் கோப்பிலேயே இருக்கிறதே, அதைக் கண்டு இது எனக்குத் தெரியாத சொல் என்று நிரல் முறையிட்டிருந்தால் முதல் நாளே செய்தி தெரிந்திருக்கும்.

கான்ஃபிக்பார்சரின் ரீட் கட்டளையிலும் இதே குணம் உண்டு. படிக்கச் சொன்ன கோப்பு இல்லாவிட்டால் அது பிழை சொல்லாது. படித்த கோப்புகளின் பட்டியலை மட்டும் திருப்பித் தரும். ஒன்றும் படிக்கவில்லையானால் வெற்றுப் பட்டியல். அந்தப் பட்டியலைப் பார்ப்பவர் எத்தனை பேர்? கோப்பை நாமே திறந்து, ரீட்_ஃபைல் கட்டளையிடம் கொடுப்பது மேல். கோப்பு இல்லையென்றால் திறக்கும்போதே தெரிந்துவிடும். ஒரே திறவுச்சொல் ஒரு பகுதியில் இருமுறை வந்தால் மட்டும் அது கண்டிப்பாக நிறுத்திவிடுகிறது. பைத்தானின் ஜேசன் தொகுதிக்கு அந்தக் கண்டிப்பும் கிடையாது. கடைசியாக வந்ததை வைத்துக்கொள்ளும்.

இனித் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இதைத்தான் ஆய்வகத்தில் அதிக நேரம் செலவிட்டுச் செய்து பார்த்தேன். ஒருங்குறியில் கொ என்னும் எழுத்தை இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வழி. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆனால் கணிப்பொறிக்கு முதலாவது இரண்டு குறியீடு நீளம், மற்றது மூன்று. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்கிறது. கோப்பில் கொழுப்பு ஒருவகையிலும் நிரலில் மற்றொரு வகையிலும் இருந்தால், அச்சிட்டு அருகருகே வைத்துப் பார்த்தாலும் பிழை புலப்படாது.

இதற்கு மருந்து பைத்தானிலேயே இருக்கிறது. யூனிகோட்டேட்டா என்னும் தொகுதியின் நார்மலைஸ் கட்டளைக்கு என்எஃப்சி என்னும் முறையைச் சொன்னால், இருவகை எழுத்தையும் ஒரே வகையாக்கிவிடும். கான்ஃபிக்பார்சர் ஒவ்வொரு திறவுச்சொல்லையும் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் என்னும் சல்லடையில் சலித்த பிறகே சேமிக்கிறது. தேடும்போதும் அதிலேயே சலிக்கிறது. வழக்கமாக அது ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும். தமிழில் அந்தப் பேதமே இல்லாததால் நமக்கு அது பயனற்றது. அவ்விடத்தில் என்எஃப்சி சல்லடையைப் பொருத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது. பகுதித் தலைப்புகள் அந்தச் சல்லடை வழியே போவதில்லை என்பதால் அவற்றில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் வராத சொற்களாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். விலை, அச்சு இரண்டும் அப்படி அமைந்தவையே.

கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறியாக்கத்தைச் சொல்லிவிடுவதும் தேவை. நோட்பேட் 2019க்கு முன்பு யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் சேர்த்து வந்தது. அது இருந்தால் முதல் வரியின் சதுர அடைப்பு முதல் எழுத்தாக இராது. பகுதித் தலைப்பே இல்லை என்று கான்ஃபிக்பார்சர் மறுத்துவிடும். யூடிஎஃப்-8-சிக் என்று சொன்னால் அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும்.

வேறு எழுத்து முறைகளும் உண்டு. ஜேசன் முறையில் குறிப்பு எழுதவே இடமில்லை. மனிதர் திருத்தும் கோப்புக்கு அது பெருங்குறை. யாமல் முறை பார்ப்பதற்கு அழகு. ஆனால் மதிப்பின் வகையை அதுவே ஊகிக்கிறது. நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறி என், ஓ என்பது. மேற்கோள் குறியின்றி எழுதினால் நோ என்று படித்துப் பொய் ஆக்கிவிடும். தேர்வு அட்டவணையில் 10:30 என்று எழுதினால் பையாமல் தொகுதி அதை அறுபதின் அடிமானத்தில் எண்ணிப் பத்து அறுபது அறுநூறு, முப்பது சேர்ந்து 630 என்று தரும். 09:30 மட்டும் சுழியில் தொடங்குவதால் சரமாகவே தப்பிவிடும்! 2009இல் வந்த யாமல் 1.2 இவ்விதிகளை நீக்கியது; பையாமல் இன்னமும் 1.1ஐயே பின்பற்றுகிறது. டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013இல் தொடங்கிய டாமல் முறை ஊகிப்பதில்லை. சரத்துக்கு மேற்கோள் குறி கட்டாயம். 2022இல் வந்த பைத்தான் 3.11 முதல் அதைப் படிக்கும் தொகுதியும் உடன் வருகிறது. தமிழ்த் திறவுச்சொல்லையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்பதே நமக்குள்ள சிறு தொல்லை. பால் நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு மேற்கோள் குறியைத் திறந்து மூடக் கற்றுக்கொடுப்பதைவிட, சமக்குறி ஒன்றோடு முடியும் ஐஎன்ஐயே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுதிப் பார்த்த சிறு நிரல் கோப்பைப் படித்ததும் வேண்டிய சொல் எல்லாம் உள்ளனவா, வேண்டாதது எதுவும் உள்ளதா, விலை 100க்கும் 1000க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியானால், தான் படித்த விலைகளை ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அச்சிடும். திருத்திய கோப்பை நிரலே திரும்ப எழுதும் வசதியை மட்டும் நான் சேர்க்கவில்லை. கான்ஃபிக்பார்சர் கோப்பைத் திரும்ப எழுதும்போது மனிதர் எழுதி வைத்த குறிப்பு வரிகள் அனைத்தையும் விட்டுவிடுகிறது. ஒரு கிலோவுக்கு, ரூபாயில் என்னும் வரி போய்விட்டால், அடுத்த முறை திருத்துபவர் 320ஐ எதற்கு என்று நினைப்பார்?