ஒவ்வொரு நரம்பாக மீட்டுவோம்

"பாட்டும் வாத்தியமும் நமக்கா?" என்று நம் சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். கணவனை இழந்தவள், பிள்ளையைத் தொலைத்தவள் கையில் ஓர் இசைக்கருவியைக் கண்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் இழந்தவர்களை நினைப்பதற்கு நம் கைகளையும் கட்டிப்போட வேண்டியதில்லை. இம்முறை ஒரு சிறிய கருவியையும் அதில் ஓர் எளிய பயிற்சியையும் அறிந்துகொள்வோம்.

யுகலேலே என்பது கிற்றாருக்குத் தங்கச்சி போன்றது. சிறிய வகை ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர் நீளமே. அதில் நாலு நைலோன் தந்திகள். 1879இல் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குப் போன போர்த்துக்கேயர், தங்கள் ஊர்ச் சிறு வாத்தியத்தையும் கொண்டு போனார்கள். அதிலிருந்து பிறந்ததே இது. போர்த்துக்கேயர் நமக்கும் தெரியாதவர்களல்லர். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். அவர்கள் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர், கலியாண வீடுகளில் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார்கள். வயலினுக்கும் நாலு தந்திதான். 2004 சுனாமியில் டச்பாரில் பல உறவுகளை இழந்த பின்னும் அந்தச் சமூகம் தன் பாட்டைக் கைவிடவில்லை.

தந்திகளை ஒன்றாகத் தட்டாமல் ஒவ்வொன்றாக மீட்டுவதை ஆர்பேஜியோ என்பார்கள். இத்தாலிய மொழியில் 'ஆர்பா' என்றால் யாழ் போன்ற கருவி. ஆகவே, யாழ் மீட்டுவது போல மீட்டுதல் என்று பொருள். யாழ் நமக்குச் சொந்தமானது. மறைந்துபோன யாழைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர், நமது காரைதீவில் பிறந்தவர்.

கருவியை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். மேலிருந்து கீழாகத் தந்திகள் ப, ச, க, த என்று ஒலிக்கும். இடது மோதிர விரலால் கடைசித் தந்தியை மூன்றாவது மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். 'த' இப்போது மேல் 'ச' ஆகிவிடும். வலக்கைப் பெருவிரலால் மேல் இரண்டு தந்திகளையும், சுட்டுவிரலால் மூன்றாவதையும், நடுவிரலால் கடைசியையும் மீட்டுங்கள்: ப, ச, க, ச. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். அழுத்திய விரலை எடுக்காதீர்கள். முதல் ஒலி அடங்குமுன் அடுத்தது வந்து சேர வேண்டும்.

அது பழகியபின் அந்த விரலை எடுத்துவிட்டு, முதல் தந்தியின் இரண்டாவது மெட்டை நடுவிரலால் அழுத்துங்கள்: த, ச, க, த. சற்றுச் சோகமான ஒலி. இரண்டையும் மாறி மாறி வாசித்தால், தாலாட்டுக்குப் பின்னணியாகவே ஒலிக்கும்.

"மகள், வலை பொத்துற கை, இது எங்க வளையும்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். வலை பொத்துகிறவருக்கும் பன்பாய் இழைக்கிறவருக்கும் விரல் ஒழுங்கு புதிதல்ல, அம்மா. முதல் சில நாள் விரல் நுனி வலிக்கும். வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். வலக்கை விரல்களை இழந்தவர்கள் பெருவிரல் ஒன்றாலேயே நாலையும் மீட்டலாம்.

இது வைத்தியம் அல்ல. நித்திரையின்றி, வாழ்வே வேண்டாம் என்றிருப்பவர்கள் அரச வைத்தியசாலை உளநலப் பிரிவை நாட வேண்டும். ஆனால் சமையல், கூலிவேலை, பிள்ளைகள், அலுவலக அலைச்சல் என எல்லாம் பிறருக்காகவே கழியும் நாளில், பத்து நிமிடம் தனக்கென்று இருப்பது சிறு விஷயமல்ல.

தனியாக வாங்க வசதியில்லையா? ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். சங்கக் கூட்டம் முடிந்ததும் ஆளுக்குப் பத்து நிமிடம் பழகுங்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து அமர்ந்தால் ஊர் வாய்க்கும் பயம் குறையும். நாளடைவில் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேட்க வருவாள். அவளுக்கும் இடம் விடுங்கள்.