மலிவும் நம்பிக்கையும்: ஒரு புட்டி சொல்லும் பாடம்

விலை குறைந்த பொருள் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது ஐயமே. இத்தாலியின் பார்பேரா என்னும் சிவப்பு ஒயினின் வரலாறு அந்த ஐயம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதைக் காட்டுகிறது. இது மது அருந்தத் தூண்டும் கட்டுரையன்று. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், மலிவுக்குப் பின்னுள்ள காரணங்களை விளக்க விழைகிறேன்.

வடமேற்கு இத்தாலியின் பியெமொந்தே மாநிலத்தில், அஸ்தி, அல்பா நகரங்களைச் சுற்றியுள்ள குன்றுகளில் பார்பேரா திராட்சை விளைகிறது. வெயில் நன்கு படும் சரிவுகளைப் பெரும்பாலும் நெபியோலோ என்ற இனத்துக்கே ஒதுக்குவர். புகழ்மிக்க பரோலோ ஒயின் அதிலிருந்து பிறக்கிறது. சட்டப்படி பரோலோ குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். அத்தனை காலமும் உழவரின் முதலீடு முடங்கிக் கிடக்கும்.

பார்பேராவோ மற்றச் சரிவுகளிலும் தாராளமாகக் காய்க்கும். புளிப்பு மிகுதி, துவர்ப்புக் குறைவு என்பதால் நெடுங்காலம் முதிர வைக்கத் தேவையில்லை. சொந்த நிலத்தில் குடும்பத்தாரே பயிரிட்டு, நொதிக்கவைத்து, புட்டியில் அடைத்தால் இடைத்தரகுச் செலவும் இல்லை. இது நேர்மையான மலிவு.

மற்றொரு மலிவும் உண்டு. 1986ஆம் ஆண்டு இத்தாலியில், போதைச் சத்தைக் கூட்டிக் காட்ட மெத்தனால் கலக்கப்பட்ட மலிவு ஒயினைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் பார்வை இழந்தனர். உடலில் மெத்தனால் முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலமே கண் நரம்பைத் தாக்குகிறது. 2024ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான். நாக்கு இதைக் கண்டுபிடிக்காது என்பதே கொடுமை.

எனவே பொருளின் பிறப்பிடத்தை அறிவதே பாதுகாப்பு. 2008 முதல் அஸ்திப் பகுதியின் பார்பேரா, இத்தாலியச் சட்டத்தின் உயர்ந்த தரப்பிரிவில் உள்ளது. அப்பிரிவின் ஒவ்வொரு புட்டியிலும் வரிசை எண்ணுள்ள அரசு முத்திரைத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். 'இம்போத்தில்யாதோ அல்லோரிஜினே' என்ற தொடர், விளைந்த இடத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும்.

நம் சிங்கப்பூரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒயினுக்கான தீர்வை விலையைப் பார்ப்பதில்லை. அதிலுள்ள மதுசாரத்தின் அளவையே பார்க்கிறது. ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடுள்ள 750 மில்லி புட்டிக்கு அது ஏறத்தாழ 9 வெள்ளி ஆகிறது. உழவர் வீட்டுப் புட்டிக்கும் பரோலோவுக்கும் ஒரே தீர்வைதான். ஆகவே, அங்கே மலிவானது இங்கே அவ்வளவு மலிவன்று.

ஒரு பொருள் ஏன் மலிவாக இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவர் காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தால், அந்த மலிவை நம்பலாம். சொல்ல முடியாத மலிவுக்கான விலையை யாரோ ஒருவர் தம் உயிராலோ கண்ணாலோ கொடுக்க நேரிடும். இந்தக் கேள்வி ஒயினுக்கு மட்டுமா பொருந்தும்?