செங்காயின் துவர்ப்பு

நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனியைக் கடந்தால் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். முழுதாகப் பழுக்காத செங்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு. டானின் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் தரும் சுவை அது. அவற்றுக்கு அதிக வேலை குடலில்தான்.

குடலின் உட்சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. மூன்று முதல் ஐந்து நாளில் அவை உதிர்ந்து புதியவை வந்துவிடும். செல்லுக்குள் ஆற்றல் உருவாகும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகள் கசிகின்றன. கிருமித் தொற்றும் மதுவும் அதைக் கூட்டும். அளவு மீறினால் செல்லின் கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் சிதையும். காரை உதிர்ந்த செங்கல் சுவர்போல, செல்களை இறுக்கி வைத்திருக்கும் இணைப்புகள் தளரும். இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

தாவரச் சேர்மங்கள் நேரே போய் இந்த நச்சைத் துடைத்துவிடும் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். உண்மையில் நடப்பது இன்னும் அழகானது. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, விரைவிலேயே அழிவுக்கு அனுப்பிவிடும். 1999இல் ஜப்பானின் மசாயுகி யமமோட்டோ குழு இந்தப் பிடியை வெளிக்கொண்டுவந்தது. கொய்யாவிலும் சின்ன வெங்காயத்திலும் உள்ள குர்செடின், ஆக்சிஜனேற்றம் அடைந்து கீப்1-ஐச் சீண்டுகிறது. பிடி நழுவியதும் என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் புகுந்து, குளுட்டதயோன் முதலிய காப்புப் பொருள்களைச் செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

பாலிஃபீனால்களில் பெரும்பாலானவை இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குடலுக்குக் கிடைத்த வரமாகத் தெரிகிறது. மற்ற உறுப்புகளுக்குக் கிடைக்காத செறிவு அங்கே கிடைக்கிறது.

ஆனால் மேலே சொன்ன விளைவுகளில் பல, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டவை. அதை நம்பி மாத்திரைகளை அள்ளி விழுங்கக் கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது: இன்னொரு தாவரச் சேர்மமான பீட்டா கரோட்டினை மாத்திரையாகத் தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது.

நெய்க்காரப்பட்டிப் பக்கம் காய்ச்சும் வெல்லத்திலும் கரும்பின் பாலிஃபீனால்கள் கொஞ்சம் மிஞ்சும். ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரை. குடலுக்கு நல்லதென்று அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொய்யாவைத் தயங்காமல் சொல்வேன், தோலோடு. சதையைவிடத் தோலில்தான் பாலிஃபீனால்கள் அதிகம். கூடவே வரும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துப் பியூட்டிரேட் ஆக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முதன்மை உணவு அதுதான்.