உஷார்! திரையில் சின்னக் கல், கீழே பாறாங்கல்

சராசரிக் கல் 30 சென்டிமீட்டர் என்று கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி நிலத்தடிச் சுரங்கத்தில் வெடிமருந்து ஏற்றப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அந்த எண் பிறந்த இடமே வேறு.

வெடித்தால் பாறை எந்த அளவுக்கு உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல அதிகம் புழங்குவது கூஸ்-ராம் கணக்கு. சோவியத் ஆய்வாளர் குஸ்நெட்சோவ் 1973இல் தந்த சூத்திரத்தோடு ரோசின்-ராம்லர் வளைகோட்டைச் சேர்த்து, 1983இல் தென்னாப்பிரிக்காவின் கன்னிங்ஹாம் கட்டியது. (அந்த ராம் நம்ம ஊர் ராம் இல்லை.) வளைகோடோ 1933இல் நிலக்கரிப் பொடிக்காக வந்தது! எல்லாம் சேர்ந்து பொருந்துவது திறந்தவெளிச் சுரங்கத்துக்கு: இணையான துளைகள், முன்னால் காலி வெளி.

கீழே அப்படியா? சுவீடனின் கிருனா இரும்புச் சுரங்கத்தில் பாதையின் கூரையிலிருந்து மேல்நோக்கி விசிறிபோலத் துளையிடுகிறார்கள். அடியில் துளைகள் நெருக்கம், நுனியில் இடைவெளி அதிகம். அடிப்பாறை மாவாகும், உச்சிப்பாறை பாளமாக வரும். இரண்டையும் கூட்டி வகுத்தால் சராசரி என்னவோ அழகாகத்தான் இருக்கும். முன்னாலும் காலியிடம் இல்லை. ஏற்கெனவே சரிந்த கல் அடைத்து நிற்பதால் உடையும் பாறைக்கு விரிய வழி கிடையாது. இதில் கோணல் வேறு: 30 மீட்டர் துளை 1 டிகிரி சாய்ந்தாலே நுனி அரை மீட்டர் தள்ளிப் போய்விடும்.

மருந்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அதே சூத்திரப்படி 10 சதவீதம் கூட்டினால் சராசரி குறைவது 6 முதல் 7 சதவீதம்தான். துளை விலகிப்போன இடத்துப் பாறைக்கு அதுவும் எட்டாது.

வெடித்தபின் கல்லின் அளவைப் பார்க்க எடுக்கும் போட்டோவும் குவியலின் மேல்தோலைத்தான் காட்டும். லோடர் அள்ளும் முதல் வாளிகளில் பெரும்பாலும் அடிக்கல்லே வரும். பார்த்துவிட்டு எல்லோரும் நிம்மதியாவோம். உச்சிக்கல் பின்னால் இறங்கி, அள்ளும் வாயில் குறுக்கே சிக்கும். அதற்கு மேலே டன் கணக்கில் கல் தொங்கும். எந்த நொடியும் சரியலாம். அதன் அடியில் போய் மருந்து ஒட்டி உடைக்கலாம் என்று யார் சொன்னாலும் கால் வைக்காதீர்கள். அவசரமாகத் துளையும் போடாதீர்கள், கல்லுக்குள் வெடிக்காத மருந்து இருக்கலாம்.

துளைக்குள் கருவி விட்டு உண்மையான சாய்வை அளந்து, நுனிக்குத் தனியாக, அடிக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். எத்தனை வாளிக்கு ஒருமுறை வாய் அடைத்தது என்று லோடர் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அடுத்த விசிறிக்கு மருந்து ஏறும் முன்பே.